ஒரு சுண்டு அரிசி நேரம்

2001 ஜனவரி 29, திங்கட்கிழமை காலை, தேவாலாவிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆல்டர்புரூக் எஸ்டேட்டின் ஃபேக்டரிச் சுவரில், இனி வாரத்தில் மூன்று நாள் மட்டுமே வேலை என்ற அறிவிப்பு ஒட்டப்பட்டது.

அந்த வாரக் கடைசியில் உமாராணி கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கினாள். மடியில், துண்டில் சுற்றிய ஒரு மரப்பலகை. கல்லூரிச் சோதனைக்கூடத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கியது. பலகையில் நூறு துளைகள் இருந்தன. கூடவே நூறு பித்தளை ஊசிகளும் ஒரு சின்ன இடுக்கியும். ஊசியை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் துளையில் நிறுத்த வேண்டும். நூறும் நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை ஸ்டாப் வாட்ச்சில் பார்த்து எழுத வேண்டும். விரல் திறனை அளக்கும் சோதனை அது. ஊட்டி தாண்டிக் கூடலூர் இறக்கத்தில் பஸ் குலுங்கும்போதெல்லாம் டப்பாவுக்குள் ஊசிகள் சலசலத்தன. பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு முறை அது என்னவென்று கேட்டார். உளவியல் படிக்கிறேன் என்றதும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

அவள் பி.எஸ்ஸி. உளவியல் மூன்றாம் ஆண்டு. பட்டம் பெறுவதற்கு என்னென்ன முடிக்க வேண்டும் என்று கல்லூரிக் கையேட்டில் ஒன்றரைப் பக்கம் இருந்தது. அந்தப் பக்கம் அவளுக்கு மனப்பாடம். தமிழ் நான்கு தாள், ஆங்கிலம் நான்கு தாள், புள்ளியியல், மூளையும் நரம்பு மண்டலமும், நினைவும் கற்றலும், இருபத்து நான்கு சோதனைகள் எழுதிய ரெக்கார்டு நோட்டு. இவை எல்லாம் முடிந்துவிட்டன, அல்லது முடியும் நிலையில் இருந்தன. பாக்கி ஒன்றுதான்: திட்ட ஆய்வு. கல்லூரிக்கு வெளியே ஓர் இடத்தில் முப்பது பேரை வைத்துச் சோதனை செய்ய வேண்டும். ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, படிப்பு குறித்த தனித் தாள். ஒவ்வொரு தாளிலும் அந்த இடத்துப் பொறுப்பாளரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். மார்ச் ஐந்தாம் தேதிக்குள் ஒப்படைக்காவிட்டால் அந்த வருடப் பட்டம் கிடையாது.

அடுத்த வருடம் என்ற ஒன்று அவளுக்கு இல்லை. அப்பா நல்லசாமி அந்த ஃபேக்டரியின் டீமேக்கர். கோபிப் பக்கத்திலிருந்து வந்து இருபத்திரண்டு வருடம் இலையை வாட்டியும் உருட்டியும் தூளாக்கியவர். ஏலத்தில் தூளைக் கேட்க ஆளில்லாமல் போனபின் ஃபேக்டரியில் பாதி எந்திரங்கள் தார்ப்பாயின் கீழ் கிடந்தன. மார்ச் கடைசியோடு அதை மூடுவதென்று முடிவாகியிருந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். "இன்னொரு வருசம் ஃபீஸ் கட்டற நெலம இல்ல அம்முணி," என்று அவர் ஒரே ஒரு முறை சொன்னார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தேயிலை பறிக்கும் பெண்களின் விரல்கள் மற்றவர்களின் விரல்களைவிட வேகமானவை என்று நிறுவுவதுதான் உமாராணியின் எண்ணம். கல்லூரி மாணவிகள் முப்பது பேரிடம் ஏற்கெனவே அளந்துவிட்டாள்; சராசரி ஆறே முக்கால் நிமிடம். குழந்தையிலிருந்து அவள் பார்த்து வளர்ந்த கைகள் அதில் பாதி நேரத்தில் முடித்துவிடும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

மேனேஜர் ரமணனிடம் அப்பா அனுமதி கேட்டார். வேலையில்லாத நாட்களில் தாராளமாகச் செய்யட்டும் என்றார் அவர். தாள்களில் கையெழுத்துப் போடும்போது ஆபீசுக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடச் சொன்னார். யார் கை எப்படி என்று தானும் பார்த்துக்கொள்ளலாமே. அப்பா சரி என்று சொல்லிவிட்டு வந்தார். உமாராணியிடம் அதை ஒரு சாதாரணச் செய்தியாகச் சொன்னார், அவளும் அப்படியே கேட்டுக்கொண்டாள்.

பிப்ரவரி ஏழாம் தேதி மாலை, கொழுந்து நிறுக்கும் இடத்தில் சூப்பர்வைசர் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைப் பார்த்து முப்பது பெயர்களை உரக்கப் படித்தார். நாளையிலிருந்து நாளுக்கு ஐந்து பேராகப் பிள்ளைக்காம்பராவுக்கு வர வேண்டும், டீமேக்கர் மகள் ஒரு பரீட்சை வைக்கிறாள் என்றார். அவர் உதவிதான் செய்தார்.

பிள்ளைக்காம்பரா என்பது குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் கொட்டகை. இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் அந்தச் சொல்லையும் கூடவே கொண்டுவந்திருந்தார்கள். இருபது வருடங்களுக்கு மேலாகியும் உமாராணிக்கு அந்த இடத்தின் வாசனை நினைவிருக்கிறது: பால்பவுடர், ஈரத் தகரம், உத்தரத்தில் தொங்கிய சேலைத் தொட்டில்கள். வெளியே வெயில். பிப்ரவரி வெயிலில் அந்தப் பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்ததை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. முதுகில் கூடை இல்லாமல், இடுப்பில் படங்குச் சாக்கு கட்டாமல், தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு, கடலைத் தோலை ஒருத்திமேல் ஒருத்தி எறிந்துகொண்டு. ஐந்து பேரைக் கூப்பிட்டால் பதினைந்து பேர் வந்தார்கள்.

"என்னைய பொண்ணு பாக்க வந்தப்பகூட இப்புடி மேசை நாற்காலி போட்டு உக்கார வைக்கலடி," என்றாள் ஒருத்தி.

"பாத்திருந்தா ஓடியிருப்பான்," என்றாள் இன்னொருத்தி.

உமாராணி தன் பாடப்புத்தகத்தைத் திறந்து ஒரு படம் காட்டினாள். மூளையில் உடம்பின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு இடம் என்பதை வைத்து வரைந்த ஒரு மனித உருவம். உடம்பு சுண்டைக்காய் அளவு. உதடுகள் பெரியவை, கைகள் முறம் முறமாக இருந்தன. விரல்களுக்குத்தான் மூளை அதிக இடம் கொடுக்கிறது, அதைத்தான் நான் படிக்கிறேன் என்றாள். படம் கைமாறிக் கைமாறிப் போயிற்று.

"எங்க சின்ன மாமியார இவன் எங்க பாத்தான்?" என்று வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது. தொட்டிலில் இருந்த குழந்தை விழித்து அழும் அளவுக்குச் சிரித்தார்கள்.

முதலில் உட்கார்ந்தவள் வீரம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும், பறிக்கும் கும்பலில் முதல் நிரை, அதாவது முதல் செடிவரிசை, அவளுடையது. பழகிப் பார்க்கக் கொடுத்த பத்து ஊசிகளை உமாராணி கண் இமைப்பதற்குள் நிறுத்தினாள். சோதனை தொடங்கியதும் மெதுவாகப் போனாள். ஒன்பது நிமிடம் ஆறு விநாடி. உமாராணி தாளில் எழுதிக்கொண்டாள். பதற்றமாக இருக்கலாம் என்று நினைத்தாள்.

எழுந்த வீரம்மா வீட்டுக்குப் போகவில்லை. வாசற்படியில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு ரேஷன் அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொருத்திக்கும் தைரியமாக இருக்கும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறாள் என்று உமாராணி நினைத்தாள். மனதுக்குள் நன்றியும் சொல்லிக்கொண்டாள்.

இரண்டாவது பெண் ஒன்பது நிமிடம் பத்து விநாடி. மூன்றாவது, ஒன்பது நான்கு. நான்காவது, ஒன்பது ஒன்பது. அன்று மட்டும் என்றால் தற்செயல். அடுத்த நாளும் அப்படியே, அதற்கு அடுத்த நாளும் அப்படியே. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கும் ஐம்பத்தாறு வயதுப் பெண்ணுக்கும் நடுவே பத்து விநாடிக்கு மேல் வித்தியாசம் வரவில்லை. பதினைந்து பேர் முடிந்தபோது வரைதாளில் புள்ளிகளை வைத்துப் பார்த்தாள். மணி வடிவில் வளைந்து எழ வேண்டிய கோடு, ஒரு கம்பம் போல ஒரே இடத்தில் நட்டுக்கொண்டு நின்றது. ஸ்டாப் வாட்ச்சை அப்பாவின் ஃபேக்டரிக் கடிகாரத்தோடு ஒப்பிட்டாள். பழுதில்லை.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, இருபத்திரண்டாவதாகத் தனபாக்கியம் வந்தாள். சின்ன வயதில் காய்ச்சலில் காது போனவள். சைகையில்தான் சொல்லிப் புரியவைக்க வேண்டும். உட்கார்ந்தாள்; விரல்கள் கொழுந்து கிள்ளுவதுபோலப் பறந்தன. நான்கு நிமிடம் முப்பத்தொரு விநாடி. உமாராணி அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் எதிர்பார்த்த கை அதுதான்.

தனபாக்கியம் சிரித்தபடி திரும்பினாள். வாசலில் யாரும் சிரிக்கவில்லை. வீரம்மாவின் கை சுளகின்மேல் நின்றிருந்தது. ஒருத்தி தனபாக்கியத்தைத் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போய், இரண்டு கைகளாலும் ஏதோ சைகை காட்டினாள். தனபாக்கியம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அன்று மாலை தேவாலா எஸ்.டி.டி. பூத்திலிருந்து உமாராணி தன் வழிகாட்டி யூனிஸ் மேடத்தைக் கூப்பிட்டாள். ஹாஸ்டலில் உட்கார்ந்து முப்பது பேருக்கும் தாமே எண்களை எழுதிக்கொள்ளும் மாணவிகள் வகுப்பில் உண்டு. மேடத்துக்கும் அது தெரியும். உமாராணி எண்களைப் படித்து முடித்ததும் அவர் சொன்னார்:

"டேட்டா அப்படி வராதும்மா. மனுஷங்க ஒருத்தர் மாதிரி ஒருத்தர் இருக்க மாட்டாங்க, அதனாலதான் நமக்குப் பாடமே இருக்கு. நீ எழுதலைன்னா வேற யாரோ நேரம் சொல்றாங்க. போய்ப் பாரு."

சனிக்கிழமை காலை உமாராணி ஊசிகளைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தாள், காதைக் கொடுத்தாள். உள்ளே ஒருத்தி இடுக்கியை எடுத்ததும் வீரம்மா ஒரு சுண்டு அரிசியைச் சுளகில் கொட்டினாள். சுண்டு என்பது பால்டின் அளவு; இலங்கையிலிருந்து வந்த வீடுகளில் அரிசியை அதில்தான் அளப்பார்கள். நிதானமாகக் கல் பொறுக்கினாள். பாதி முடிந்ததும் சுளகை ஒருமுறை தட்டினாள். மேசையருகில் இருந்த பெண்ணின் விரல் ஐம்பதாவது துளையில் இருந்தது. முடிகிற நேரத்தில் அரிசியை மூன்று முறை புடைத்தாள். கடைசி ஊசி துளையில் இறங்கியது.

ஐந்தாவது பெண்ணும் போனபிறகு உமாராணி படியில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு எத்தன சுண்டு பொறுக்குனீங்க அக்கா?"

வீரம்மா நிமிர்ந்து பார்த்தாள். "அஞ்சு."

"வந்தவங்களும் அஞ்சு பேருங்க."

"படிச்ச பிள்ளை," என்றாள் வீரம்மா. அதற்குமேல் மறைக்கவில்லை.

ஐந்து வருடத்துக்கு முன் வெளியூரிலிருந்து ஒருவர் வந்தாராம். நல்ல மனிதர். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். நான்கு நாள் கையில் கடிகாரத்தோடு நிரைகளின் பின்னால் நடந்து, யார் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு பறிக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டார். அதிகம் பறித்துக்காட்டினால் பெருமை என்று இவர்களும் ஓட்டம் ஓட்டமாகப் பறித்தார்கள். அடுத்த மாதம், முழுநாள் கூலிக்குப் பறிக்க வேண்டிய எடை பதினாறு கிலோவிலிருந்து பத்தொன்பது ஆயிற்று. அதற்குக் குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலி. இப்போது மூன்று நாள் வேலை. ஆளைக் குறைக்கப்போகிறார்கள் என்ற பேச்சு. அந்த நேரத்தில் செக்ரோலைப் பார்த்து முப்பது பெயர் படிக்கிறார்கள், கையில் கடிகாரத்தோடு டீமேக்கர் மகள் உட்கார்ந்திருக்கிறாள்.

"வேகமா செஞ்சா எடைய ஏத்துவாங்க. மெதுவா செஞ்சா அவள நிப்பாட்டுவாங்க. முப்பது பேரும் ஒண்ணா இருந்தா எவள புடிச்சு நிப்பாட்டுவான்?"

இது தன் படிப்புக்கு மட்டும்தான் என்று உமாராணி சொன்னாள். வீரம்மா தலையாட்டினாள்.

"நீ பொய் சொல்ற பிள்ளை இல்ல. நீ பொறந்தப்ப இந்தக் காம்பராலதான் போட்டு வச்சிருந்தாங்க, நான் ஆட்டியிருக்கேன். அந்தத் தாளு எங்க போவும்? அத மட்டும் சொல்லு."

கல்லூரிக்கு என்று சொல்ல வாயெடுத்த உமாராணிக்கு, ஆபீசுக்கு ஒரு பிரதி என்று அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. வீரம்மாவே சொன்னாள்:

"ஆபீசுக்குப் போவாதுன்னு சொல்லு. வர்ற வியாழக்கெழம முப்பது பேரும் நெசக் கைய காட்டுறோம். ராஜகுமாரியெல்லாம் நாலு நிமிசம் எடுக்க மாட்டா. உன் வாத்தியார் மயங்கி விழுவாரு."

அப்பாவிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு மேனேஜர் பங்களாவுக்குப் போனார். பிரதி இல்லாமல் கையெழுத்து மட்டும் போட முடியுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"பாக்காம எப்பிடிக் கையெழுத்துப் போடறதுங்கறார். அதும் நாயந்தான? நாந்தான் அன்னைக்கே சரின்னு தலையாட்டிப்போட்டேன்." சட்டையைக் கழற்றிக்கொண்டே, "நீ எதப் பண்ணாலும் சரி கண்ணு. பட்டம் மட்டும் இந்த வருசமே வாங்கிப்போடு," என்றார்.

உமாராணி கையேட்டின் ஒன்றரைப் பக்கத்தை மறுபடி எடுத்தாள். பெயர் வேண்டும். ஒவ்வொரு தாளிலும் முத்திரை வேண்டும். மேனேஜர் பார்க்கும் தாளும் கல்லூரிக்குப் போகும் தாளும் ஒன்றேதான். உண்மையான கைகளை அளந்தால் அவள் நினைத்தது நிரூபணமாகும். நல்ல மதிப்பெண், பெங்களூரில் மூளையும் அறிவாற்றலும் பற்றிய எம்.எஸ்ஸி. படிப்புக்கு வழி. கூடவே, வேகத்தின் வரிசையில் முப்பது பெயர்கள் ஆபீஸ் மேசையில் இருக்கும். அளக்காவிட்டால், கம்பம் போல நிற்கும் அந்தக் கோட்டைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அதற்குத் தேர்ச்சி போடுவார்களா என்பதே தெரியாது. வேறு எஸ்டேட் தேட நாளில்லை.

தனபாக்கியத்தின் தாள் ஒன்று மட்டும் தனியாக நின்றது. பலகையோடு வந்த சிறு புத்தகத்தைப் புரட்டியபோது, பார்வைக் குறையோ செவிக் குறையோ உள்ளவர்களைச் சேர்க்கக் கூடாது என்ற விதி கண்ணில் பட்டது. அந்தத் தாளை எடுத்துவிட்டாள். முப்பதுக்கு ஒருவர் குறைந்தது.

வியாழக்கிழமை, குறைந்த அந்த ஒருவருக்குப் பதிலாக ராஜகுமாரி வந்து உட்கார்ந்தாள். முப்பது வயது, காது நிறையத் தோடு, வாய் ஓயாதவள். வீரம்மா படியில் வெறுங்கையோடு நின்றிருந்தாள்.

"தாள் ஆபீசுக்குப் போகுங்க அக்கா," என்றாள் உமாராணி.

"அப்ப?"

"அப்ப அரிசிய எடுங்க."

வீரம்மா போய்ச் சுளகை எடுத்து வந்தாள். பிறகு உட்கார்ந்து ஒரு சுண்டு அரிசியைச் சுளகில் கொட்டினாள். ராஜகுமாரி ஒவ்வொரு ஊசியையும் எடுத்து, காற்றில் நிறுத்தி, அதன் இரண்டு முனையையும் சீர்தூக்கிப் பார்த்துவிட்டுத் துளையில் வைத்தாள். மெதுவாகச் செய்வது அவளுக்கு மிகக் கஷ்டமான வேலையாக இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. எழுபதாவது ஊசியில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு வாசலில் இருந்தவர்களுக்கு, பிறகு உமாராணிக்கு. ஒன்பது நிமிடம் எட்டு விநாடி. இன்று உமாராணிக்கு அந்த எஸ்டேட் என்றால் நினைவுக்கு வருவது அந்த எட்டு விநாடியும், வெயிலும், தூசியும், பதினைந்து பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததும்தான். அதற்குப் பிறகு அத்தனை பேரும் ஓரிடத்தில் சேர்ந்து உட்காரவே இல்லை.

மேனேஜர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "தனபாக்கியம் எங்கே?" என்றார். காது கேட்காதவர்களைச் சேர்க்கக் கூடாதென்று விதி இருக்கிறது என்று சொல்லி, உமாராணி புத்தகத்தைக் காட்டினாள். அவர் மறுபடி எண்களைப் பார்த்தார்.

"எல்லாருமே ஒரே மாதிரியா?"

"ஆமாங்க சார்."

"இதுல எனக்கு ஒண்ணும் பிரயோஜனம் இல்லையேம்மா," என்றார் அவர், வருத்தமில்லாமல். முப்பது கையெழுத்தும் முப்பது முத்திரையும் போட்டார். பிரதி வேண்டாம் என்றார்.

ஆய்வறிக்கையின் கடைசி எட்டுப் பக்கங்களில் உமாராணி தான் பார்த்ததை எழுதினாள். சோதிக்கப்பட்டவர்கள், வெளியே ஒருவர் அரிசி பொறுக்கும் ஓசையைக் கேட்டுத் தம் வேகத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டார்கள். ஒன்பது நிமிட வேலையில் ஐந்து விநாடிக்கு மேல் பிசகாத அந்தக் கணிப்பு தனியே ஆராயத்தக்கது. ஏன் அப்படிச் செய்தார்கள் என்று எழுதவில்லை. எஸ்டேட்டின் பெயரையும் அறிக்கையில் குறிப்பிடவில்லை. யூனிஸ் மேடம் படித்துவிட்டு, எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தினார்.

மார்ச் பத்தொன்பதாம் தேதி வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "தேயிலை பறிக்கிறவங்களுக்கு விரல் வேகம் அதிகமா, இல்லையா?"

"அதிகங்க மேடம்."

"அதுக்கு டேட்டா எங்கே?"

"இல்லைங்க மேடம்."

எட்டுப் பக்கங்களின் ஓரத்தில், சோதனைச் சூழலைக் கட்டுப்படுத்தத் தவறியிருக்கிறார் என்று அவர் சிவப்பு மையில் எழுதினார்.

ஏப்ரல் மாதம் எஸ்டேட்டில் பதினொரு பேரை நிறுத்தினார்கள். விரலைப் பார்த்தல்ல, வேலையில் கடைசியாகச் சேர்ந்தவர்கள் முதலில் என்ற வரிசைப்படி. நல்லசாமி குடும்பம் அதற்குள் திருப்பூருக்குப் போயிருந்தது.

மே மாதக் கடைசியில் தேர்வு முடிவு வந்தது. திட்ட ஆய்வில் உமாராணிக்கு நூற்றுக்கு நாற்பத்தொன்று, தேர்ச்சிக்கு நாற்பது. பட்டம் கிடைத்தது. பெங்களூரில் எம்.எஸ்ஸி. சேர, திட்ட ஆய்வில் ஐம்பத்தைந்து கேட்டிருந்தார்கள். அவள் விண்ணப்பம் அனுப்பவில்லை.